தேடும் இடம் வேறு, எடுக்கும் இடம் வேறு: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குக் கட்டுரை எங்கே கிடைக்கும்?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருத்தி என் சித்தி மகள். அரசுக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தம்தான் அவளுடைய ப்ராஜெக்ட். இன்னொருவன் எங்கள் மாடி வீட்டுத் தம்பி. சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். எண்ணூர்க் கழிமுகத்து மீன்களில் உலோக மாசு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவன் தலைப்பு. ஆசிரியர்கள் இருவருக்கும் சொல்லியிருந்தது ஒன்றுதான்: குறைந்தது ஐந்து ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும், விக்கிப்பீடியாவும் செய்தித்தாளும் கணக்கில் சேராது.

தம்பி போனை நீட்டினான். "அக்கா, சரியான கட்டுரை ஒண்ணு கிடைச்சுது. ஆனா முப்பத்தஞ்சு டாலர் கேக்குது" என்றான். முகம் வாடியிருந்தது. சித்தி மகளுக்கு வேறு பிரச்சினை. அவள் தட்டிய சொற்களுக்கு உருப்படியாக ஒன்றும் வரவில்லை. "இதைப் பத்தி யாருமே எழுதலக்கா" என்று முடிவே கட்டிவிட்டாள். தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிற யாரும் தாண்டிப் போக முடியாத வேலைநிறுத்தம் அது. எழுதாமலா இருப்பார்கள்?

மூன்று மாலை அவர்களோடு உட்கார்ந்தேன். அந்த இரண்டு தலைப்புகளையும் ஒவ்வோர் இடத்திலும் தேடிப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல், ஒரு போனையும் அன்றாட டேட்டாவையும் வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எது மேல், எது கீழ் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கட்டுரை இருக்கிறதென்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைக் கையில் எடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே தளம் செய்யும் என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் சோர்ந்துபோகிறார்கள். ஒரு தளம் கண்டுபிடிப்பதில் கெட்டி, கொடுப்பதில் சுமார். இன்னொன்று தன் அலமாரியில் உள்ளதை அழகாகக் கொடுக்கும், அடுத்த அலமாரியில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எதை எப்போது திறப்பது என்பது தானாக விளங்கும்.

கூகுள் ஸ்காலர்: கண்டுபிடிக்க இதுதான்

2004 முதல் இருக்கிறது. லாகின் வேண்டாம், பணம் வேண்டாம், போனில் நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பதிப்பகத்தின் கட்டுரையாக இருந்தாலும் பெரும்பாலும் இதில் தலைகாட்டிவிடும். அந்த அகலம் வேறு எதற்கும் கிடையாது.

ஆனால் இதன் உண்மையான பலம் தேடல் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே சிறிய எழுத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று, இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்பது. 1977-இல் வந்த ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால், அந்த இணைப்பைத் தட்டினால் போதும், அதற்குப் பிறகு அதே விஷயத்தை எழுதியவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள ரெஃபரன்ஸ் பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும். இந்த இணைப்பு முன்னோக்கி அழைத்துப் போகும். ஒரே ஒரு நல்ல கட்டுரையிலிருந்து பத்துக் கட்டுரை எடுக்கிற வித்தை இதுதான். சித்தி மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் கண் விரிந்ததை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்று, அதே கட்டுரையின் மற்ற பிரதிகள். பதிப்பகத்தின் தளத்தில் டாலர் கேட்கிற கட்டுரையை எழுதியவரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருப்பார். தம்பி கேட்ட கட்டுரை அப்படித்தான் மூன்றாவது பிரதியில் பிடிஎஃப் ஆகவே கிடைத்தது. டாலர் கணக்கைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

குறையும் இருக்கிறது, சின்னக் குறை அல்ல. ஸ்காலருக்கு வாசலில் காவல் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு நாலு நாளில் எதையும் அச்சிடுகிற இதழ்களும் நல்ல இதழ்களும் ஒரே வரிசையில் நிற்கும். முன்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி நம்பத்தக்க இதழ்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இப்போது நாமே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் எங்கே வேலை செய்கிறார்கள், ஒரே இதழில் விலங்கியலும் வணிகவியலும் யோகாவும் கலந்து கிடக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள். தவறான கட்டுரையை வைத்து முப்பது பக்கம் எழுதிவிட்டுப் பிறகு திருத்துவது பெரிய வேதனை.

என்ன சொல் தட்டுவது

தளங்களை ஒப்பிடுவதற்கு நடுவில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சித்தி மகளுக்கு ஒன்றும் வராததற்குத் தளம் காரணமில்லை. அவள் ஆங்கிலத்தில் "சென்னை பின்னி மில் ஸ்ட்ரைக்" என்று தட்டியிருந்தாள். நமக்கு அது பின்னி மில். கட்டுரை எழுதியவர்களுக்கு அது பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில்ஸ். நமக்கு இது சென்னை. 1996 வரைக்கும் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இது மெட்ராஸ், வரலாற்று ஆசிரியர்கள் இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது மெட்ராஸ் என்றுதான் எழுதுகிறார்கள். மில் பெயரையே விட்டுவிட்டு, 1918 ஏப்ரலில் தொடங்கிய "மெட்ராஸ் லேபர் யூனியன்" பெயரைத் தட்டினோம். அப்படியே கதவு திறந்தது. அந்தச் சங்கத்தின் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அடுத்தடுத்து வந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நடந்த மோதல்களைப் பற்றிய எழுத்துகளும் வந்தன. புளியந்தோப்பை ஆங்கிலத்தில் ஒய் எழுத்தோடு எழுதுகிறவர்களும் உண்டு, இல்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. வண்ணாரப்பேட்டைக்கு ஆங்கிலத்தில் குறைந்தது இரண்டு எழுத்துக்கூட்டல், அதுபோக அப்படியே தமிழ் ஒலியில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கொசஸ்தலையாற்றுக்கு எத்தனை என்று எண்ணி முடியாது, கொற்றலையாறு என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுன் 1906-க்கு முன்னால் பிளாக் டவுன். காசிமேடு என்று தட்டினால் கொஞ்சம்தான் வரும், ஏனென்றால் மீன்வளத் துறைக் கட்டுரைகளில் அது ராயபுரம் மீன்பிடித் துறைமுகமாகவோ மெட்ராஸ் மீன்பிடித் துறைமுகமாகவோ இருக்கும். நாம் பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதில் பாதி இந்த எழுத்துக்கூட்டலால் வருவது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

தம்பிக்கு வேறு பாடம். அவன் எண்ணூர், மீன், மாசு என்று தேடியிருந்தான். அறிவியல் கட்டுரைகளில் மீனுக்கு ஊர்ப் பெயர் பயன்படாது. மடவை மீன் என்றால் மூகில் செபாலஸ், பச்சை ஆளி என்றால் பெர்னா விரிடிஸ். மாசு என்ற பொதுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்மியம், ஈயம், பாதரசம் என்று உலோகத்தின் பெயரையே ஆங்கிலத்தில் போட வேண்டும். கழிமுகத்துக்கு கிரீக் என்றும் எஸ்சுவரி என்றும் இரண்டு சொல். அவன் அம்மா மீன் வாங்கிப் பழகியவர், எந்த மீன் கழிமுகத்தில் கிடைப்பது, எது கடலில் கிடைப்பது என்று அவர்தான் சொன்னார். அதை வைத்துத்தான் பட்டியலே போட்டோம்.

சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இதுவா அதுவா என்று இரண்டு சொல்லுக்கு நடுவில் "ஆர்" என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். இவை இரண்டும் ஸ்காலரிலும், அடுத்துச் சொல்லப்போகிற ஜேஸ்டோரிலும் வேலை செய்யும். வேண்டாத சொல்லைக் கழிக்க ஸ்காலரில் சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் மைனஸ் குறி, ஜேஸ்டோரில் பெரிய எழுத்தில் "நாட்". சொல்லின் வேரை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வடிவமும் வருகிற வசதி ஜேஸ்டோரில் உண்டு, ஸ்காலரில் இல்லை.

ஜேஸ்டோர்: வரலாறு, சமூகவியல், இலக்கியம் படிப்பவர்களுக்கு

1995-இல் தொடங்கிய தளம். பழைய ஆய்விதழ்களை முதல் இதழிலிருந்து சேர்த்து வைத்திருப்பது இதன் சிறப்பு. கல்லூரி எதுவுமே செய்யாவிட்டாலும் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்குத் தொடங்கினால் 30 நாளைக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். சித்தி மகளுக்கு இது பெரிய வரம். எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியின் பழைய இதழ்கள் இதில் இருக்கின்றன. மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ், சோஷியல் சயின்டிஸ்ட் இரண்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொழிலாளர், சாதி, நகரம் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்த மூன்றைத் தொடாமல் முடியாது.

இலவசக் கணக்கில் பிடிஎஃப் இறக்க முடியாது, திரையில்தான் படிக்க வேண்டும். சின்ன போனில் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான். இருபது பக்கக் கட்டுரையைப் படிக்கும்போது பக்கத்தில் நோட்டு வைத்துப் பக்க எண்ணோடு குறிப்பெடுங்கள். பிறகு அடிக்குறிப்பு போடும்போது அந்த எண்கள்தான் காப்பாற்றும். இரண்டாவது குறை, பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இதில் இருக்காது. போன வருடம் வந்த கட்டுரையை இங்கே தேடிப் பயனில்லை.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. அப்ஸ்ட்ராக்டில், அதாவது கட்டுரையின் தொடக்கச் சுருக்கத்தில், மட்டும் தேடு என்று வடிகட்டாதீர்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு அப்ஸ்ட்ராக்டே கிடையாது. வடிகட்டினால் நல்ல கட்டுரைகள்தான் முதலில் மறையும். தலைப்பில் தேடுங்கள், வராவிட்டால் முழுக் கட்டுரையிலும் தேடி ஆண்டை வைத்துச் சுருக்குங்கள்.

மாடி வீட்டுத் தம்பிக்கு ஜேஸ்டோரால் பயன் குறைவு. அவனுக்கு வேண்டிய மரைன் பொல்யூஷன் புல்லட்டின் போன்ற இதழ்கள் எல்செவியர் பதிப்பகம் வெளியிடுவது, வேறு அலமாரி. வரலாற்றிலும் எல்லாம் இதில் கிடைத்துவிடாது. மெட்ராஸ் லேபர் யூனியன் பற்றி முக்கியமான கட்டுரை வந்திருக்கிற இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ சேஜ் பதிப்பகத்தின் இதழ். அதற்குக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும்.

கல்லூரி லாகின்: கேட்டால்தான் கிடைக்கும்

இங்கேதான் இருவருடைய வழியும் பிரிகிறது.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டுகிற ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு நாடு ஒரு சந்தா என்று பெயர். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் எல்லாமே இதில் அடக்கம். 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. ஒன்றிய, மாநில அரசுகள் நடத்துகிற உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. குஜராத்தின் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அதாவது, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரியோ வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாதிரியோ ஓர் அரசுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை, வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழக மாணவர் படிக்கிற அதே இதழைப் படிக்க உரிமை உள்ளவர். இந்த ஒரு வாக்கியத்தைப் பல பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

உரிமை இருப்பதும் லாகின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. கல்லூரி பதிவு செய்திருக்க வேண்டும். வளாகத்து இணையத்தில் இருக்கும்போது நேராகத் திறக்கும் இடங்களும் உண்டு, வீட்டிலிருந்து படிக்கத் தனி லாகின் வேண்டும். இதற்குத் துறைத்தலைவரிடம் போவதைவிட நூலகரிடம் போவதுதான் சரி. சித்தி மகள் தயங்கித் தயங்கித்தான் போனாள். நூலகர் அம்மா அன்றைக்கே பெயரை எழுதிக்கொண்டு, ஒரு வாரத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். "இதைக் கேட்டு வர்ற பிள்ளைங்களே கம்மிம்மா" என்றாராம்.

எனக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. நான் படித்த கல்லூரியிலும் இப்படியொரு லாகின் இருந்தது. மூன்று வருடத்தில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன நாளில்தான் நூலகச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சளேறிய காகிதத்தைப் பார்த்தேன். அதனால்தான் யார் கேட்டாலும் முதல் வாரமே நூலகத்துக்குப் போ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த லாகின் என்-லிஸ்ட். அதுவும் இன்ஃப்லிப்நெட் நடத்துவதுதான், 2010 முதல் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு இது வருகிறது, மற்றவையும் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேரலாம். ஆய்விதழ்களைவிட இதில் எனக்குப் பிடித்தது மின்நூல்கள். லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு தலைப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது நேராக ஆய்வுக் கட்டுரைக்குள் குதிப்பதைவிட ஒரு நூலின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும் என்-லிஸ்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மாடி வீட்டுத் தம்பியின் கல்லூரியில் இல்லை. அவனுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பணம் கட்டாத வழிகள்

தம்பிக்காகத் தேடும்போது எனக்கே தெரியாதிருந்த ஒரு நல்ல இடம் கிடைத்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வாளர்கள் எழுதியதையெல்லாம் ஒரு மின்காப்பகத்தில் போட்டு வைத்திருக்கிறது. தலைமையகம் கொச்சியில் இருந்தாலும் அவர்களுக்குச் சென்னையிலும் ஒரு மையம் உண்டு. லாகின் இல்லாமல் பிடிஎஃப் இறங்குகிறது. ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி, விசைப்படகுகளைப் பற்றி, சென்னைக் கடற்கரையின் மீன் வகைகளைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! நம் தெரு முனையிலிருந்து பார்க்கிற கடலைப் பற்றி இவ்வளவு வேலை நடந்திருக்கிறதா என்று அவனுக்கும் எனக்கும் ஒரே ஆச்சரியம்.

இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜியோ-மரைன் சயின்சஸ் இதழும் இலவசம், அரசின் நோப்பர் என்ற காப்பகத்தில் கிடைக்கும். பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸும் அப்படியே. எல்லாருக்கும் திறந்திருக்கும் இதழ்களை மட்டும் சேர்த்துப் பட்டியலிடுகிற டோஆஜ் என்ற தளம் 2003 முதல் இருக்கிறது. அதில் சேர ஓரளவு தகுதி பார்க்கிறார்கள், அதனால் ஸ்காலரைவிட நம்பலாம். என்ன, நம் ஊர் சார்ந்த தலைப்பு என்றால் அதில் சிக்குவது குறைவு. இந்தியத் தேசிய மின்நூலகம் ஐஐடி கரக்பூர் நடத்துவது. பெரியது, தமிழ் என்று மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தட்டித் தட்டிப் போனால் கடைசியில் வேறொரு தளத்தின் கட்டண வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற அனுபவம் எங்களுக்கு அடிக்கடி நேர்ந்தது. பாடநூல், நுழைவுத்தேர்வுக்கு நல்லது. ஆய்வுக் கட்டுரைக்கு நான் முதலில் அங்கே போக மாட்டேன்.

மருத்துவம், நர்சிங், பார்மசி படிப்பவர்கள் இதில் எதையும் யோசிக்க வேண்டாம், நேராகப் பப்மெட். 1997 முதல் எல்லாருக்கும் இலவசம். முழுக் கட்டுரை இலவசமாக உள்ளவை மட்டும் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நோயின் பெயரை நாம் எந்தச் சொல்லில் தட்டினாலும் அதற்குரிய பொதுத் தலைப்போடு அது தானே பொருத்திப் பார்க்கும்.

ஷோத்கங்கா: எங்கள் ஊர்த் தலைப்புக்கு நான் முதலில் திறப்பது

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இங்கே சேர்கின்றன. இதுவும் இன்ஃப்லிப்நெட்தான். லாகின் இல்லை, பணம் இல்லை. ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி பிடிஎஃப் ஆக இருப்பதால் போன் டேட்டாவைத் தின்னாது. வேண்டிய அத்தியாயத்தை மட்டும் இறக்கலாம்.

ஆய்வேடு ஆய்விதழ்க் கட்டுரை ஆகாது, ஆசிரியர் கேட்ட ஐந்தில் இது சேராமல் போகலாம். அதனால் பலர் இதை ஒதுக்குகிறார்கள். அது தவறு. ஓர் ஆய்வேட்டில் நான் முதலில் இறக்குவது கடைசிக் கோப்பை. நூற்பட்டியல்! ஒருவர் நாலைந்து வருடம் ஆவணக் காப்பகத்திலும் நூலகத்திலும் உட்கார்ந்து திரட்டிய பட்டியல் நம் கைக்கு ஐந்து நிமிடத்தில் வருகிறது. அடுத்து, முன்னாய்வுகளைப் பேசுகிற இரண்டாம் அத்தியாயம். அதில் எந்தக் கட்டுரை எதைச் சொல்கிறது என்று ஒரு பத்தியில் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்காலருக்குப் போனால் சொல் தேடித் தடவ வேண்டியதில்லை, தலைப்பையே தட்டலாம். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் வடசென்னையைப் பற்றித் தேடிப் பாருங்கள். சமூகவியல், பொருளியல், வரலாறு, விலங்கியல் என்று எல்லாத் துறையிலும் நம் தெருக்கள் வருகின்றன.

தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் நிறைய. தேடுவதில் ஒரு சிக்கல்: சிலவற்றின் தலைப்பு தமிழ் எழுத்தில் பதிவாகியிருக்கும், சிலவற்றுக்கு ஆங்கில எழுத்தில். உள்ளே இருப்பது பல சமயம் ஸ்கேன் செய்த படம், சொல் வைத்துத் தேட முடியாது. பல்கலைக்கழகம், தமிழ்த்துறை என்று அலமாரியில் கைவைத்துப் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். தரமும் ஒன்றுபோல் இருக்காது. நாலைந்து பார்த்தால் எது உழைத்து எழுதியது, எது ஒட்டி எழுதியது என்று கண் பழகிவிடும்.

ஏஐ-யிடம் கேட்கலாமா?

தம்பி முதலில் அதைத்தான் செய்திருந்தான். எட்டுக் கட்டுரை கொடுத்தது. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஸ்காலரில் ஒவ்வொன்றாகத் தட்டினோம். மூன்று இருந்தன. மற்ற ஐந்தும் எங்கேயுமே இல்லாதவை. அப்படியே கொடுத்திருந்தால் வைவாவில் பிள்ளை என்ன செய்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. என்ன சொல்லெல்லாம் போட்டுத் தேடலாம், இந்தத் துறையில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க அது உதவும். மூகில் செபாலஸ் போன்ற பெயர்களை அதனிடம் கேட்டு, பிறகு வேறிடத்தில் சரிபார்க்கலாம். கட்டுரைப் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள்.

திருட்டுப் பிரதி தரும் தளங்களைப் பற்றியும் கேட்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட தளமான சை-ஹப்பை முடக்க உத்தரவிட்டது. அதற்குப் பதிலாக நான் சொல்வது, எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். அப்ஸ்ட்ராக்ட் பக்கத்திலேயே முகவரி இருக்கும். நான் இந்தக் கல்லூரியில் இந்த வகுப்பு, இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் செய்கிறேன், உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று நாலு வரி போதும். தம்பி இரண்டு பேருக்கு எழுதினான். ஒருவர் மறுநாளே அனுப்பிவிட்டார், கூடவே தன்னுடைய இன்னொரு கட்டுரையையும் சேர்த்து.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

அரசுக் கல்லூரியில் கலைப்பாடம் என்றால் ஷோத்கங்காவில் நூற்பட்டியல், ஸ்காலரில் அதைத் தொடர்ந்து போவது, ஜேஸ்டோரிலும் கல்லூரி லாகினிலும் எடுப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அறிவியல் என்றால் ஸ்காலரில் தொடங்கி நேராக ஒரு நாடு ஒரு சந்தாவுக்குப் போகலாம். சுயநிதிக் கல்லூரி என்றால் ஸ்காலரின் மற்ற பிரதிகள், அரசு நிறுவனங்களின் இலவசக் காப்பகங்கள், எழுதியவருக்கு மின்னஞ்சல். நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் கிடைக்கும். ஒரே ஒரு தளம்தான் சொல்ல வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் ஸ்காலரைச் சொல்வேன். ஒரே ஓர் ஆள் என்றால் நூலகர்.

தமிழில் வந்த பழைய இதழ்க் கட்டுரைகள் வேண்டுமென்றால் மேலே சொன்ன எதுவும் போதாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் பருவ இதழ்களும் இலவசமாக இருக்கின்றன. ஈழத்து எழுத்துக்கு "நூலகம்" என்ற பெயருள்ள தளம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் வீட்டை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அதன் பட்டியலை இணையத்திலேயே பார்த்துவிட்டுப் போகலாம். பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி ரயில் பிடித்தால் பக்கம்தான். எழும்பூரில் கன்னிமாரா, 1896-இல் திறந்தது, நாட்டில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் போய் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். போவதற்கு முந்தின இரவே இதழின் பெயர், ஆண்டு, மாதம், மலர், இதழ் எண், பக்கம் ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வைத்திருப்பதைவிட தாளில் இருப்பது நல்லது, அதை அப்படியே கவுன்டரில் நீட்டலாம்.